எந்த மாநிலத்துக் கெடு?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மகள் பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டாள் என்ற சேதி இந்த வீட்டையே மகிழ்வித்தது. இங்கே எல்லோரும் நலம். மற்ற கதைகளை அடுத்த கடிதத்தில் பேசுவோம். அமெரிக்காவில் லாரி மோதி இறந்தவருக்காக, உன் கட்சிக்காரரான அவர் குடும்பம் எந்தக் கெடுவுக்குள் நஷ்டஈடு வழக்குப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதில் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இறந்தவர் நியூ ஜெர்சிக்காரர். லாரி மோதியது டென்னசியில். லாரி டெக்சாஸ் கம்பெனியுடையது. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் இரண்டு வருஷக் கெடு, ஆகவே அவகாசம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த எண்ணத்தை உடனே விட்டுவிடு. டென்னசியில் ஒரே வருஷம்தான். உன் டைரியில் ஏற வேண்டிய தேதி அதுவே.

நம் ஊரில் 1855ஆம் வருஷத்து உயிரிழப்பு விபத்துச் சட்டத்துக்கு, வழக்குக் கெடுவைச் சொல்லும் 1963 காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 82ஆம் உறுப்புப்படி மரண நாளிலிருந்து இரண்டு வருஷம். கன்னியாகுமரிக்கும் காசிக்கும் அதே கணக்கு. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கெடு: நியூயார்க், கலிபோர்னியா, பென்சில்வேனியாவில் இரண்டு வருஷம், மாசசூசெட்ஸ், மேரிலாந்து, அர்கான்சாவில் மூன்று. இவற்றில் எது பொருந்தும் என்பதற்கு முதல் விடை, எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறாயோ அந்த மாநிலத்தின் கெடு. காலவரையறை என்பது வழக்கை நடத்தும் முறையைச் சேர்ந்த சட்டம், அதனால் வழக்கு நடக்கும் இடத்தின் விதி என்பது பழைய கொள்கை. 1953இல் சைமண்ட்ஸ் அப்ரேசிவ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. அலபாமாவில் சாணைச் சக்கரம் வெடித்து ஒருவர் இறந்தார். அலபாமாவில் இரண்டு வருஷக் கெடு. வழக்கைப் பென்சில்வேனியாவில் ஒரு வருஷம் கழித்துப் போட்டார்கள். அப்போது பென்சில்வேனியாவில் ஒரு வருஷம்தான். வழக்கு தள்ளுபடியாயிற்று. சம்பவம் நடந்த ஊரில் உயிரோடு இருந்த உரிமை, தாக்கல் செய்த ஊரில் செத்துப்போனது.

அப்படியானால் நீண்ட கெடு உள்ள மாநிலமாகப் பார்த்துப் போடலாமே என்று தோன்றும். அதைத் தடுக்கத்தான் பல மாநிலங்கள் 'கடன் வாங்கும் சட்டம்' வைத்திருக்கின்றன. வெளியே எழுந்த வழக்குக்கு அந்த வெளி மாநிலத்தின் கெடுவையும் இரவல் வாங்கிப் பொருத்தும் சட்டம் அது. பென்சில்வேனியாவில் இரண்டில் எது குறைவோ அது. நியூயார்க்கில் வெளிமாநிலத்து வாதிக்கு இரண்டு கெடுவுக்குள்ளும் வந்தாக வேண்டும். உள்ளூர்க்காரருக்கு நியூயார்க் கெடு மட்டும் போதும். டெக்சாஸில் மரண வழக்குக்கென்றே ஒரு விதி: வெளிமாநிலத்தில் வசிப்பவர் வழக்குப் போட்டால் டெக்சாஸ் கெடுவும் ஓடியிருக்கக் கூடாது, தவறு நடந்த மாநிலத்தின் கெடுவும் ஓடியிருக்கக் கூடாது. உன் கட்சிக்காரர் குடும்பம் டெக்சாஸில் வசிக்கவில்லை. ஆகவே டெக்சாஸில் போட்டாலும் டென்னசியின் ஒரு வருஷம் அவர்களைப் பிடிக்கும்.

மிச்சம் நியூ ஜெர்சி. அங்கே இரண்டு வருஷம் என்பது சரி. ஆனால் டெக்சாஸ் கம்பெனியை டென்னசி விபத்துக்காக நியூ ஜெர்சிக்கு இழுக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு, அதாவது அந்தக் கம்பெனியை விசாரிக்கும் அதிகாரம், வேண்டும். 2014இல் டைம்லர் வழக்குக்குப் பிறகு, ஒரு கம்பெனியை எந்த வழக்குக்கும் அழைக்கலாம் என்றால் அநேகமாக அது பதிவான மாநிலத்திலோ தலைமையகம் உள்ள மாநிலத்திலோதான். நியூ ஜெர்சியில் அவர்களுக்கு வியாபாரம் இருப்பது மட்டும் போதாது. பதினெட்டாம் மாதத்தில் அங்கே போட்டு, அதிகார வரம்பு இல்லையென்று ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றம் டென்னசிக்கு மாற்றினால், டென்னசிக் கெடுவே பொருந்தும். 1990இல் ஜான் டீர் வழக்கில் மிசிசிப்பியின் நீண்ட கெடு வழக்கோடு சேர்ந்து பென்சில்வேனியாவுக்குப் போனது உண்மைதான். முதலில் போட்ட நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இருந்ததால்தான் அது நடந்தது. அந்தத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுத் துணிகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்தது, எந்த நாளிலிருந்து எண்ணுவது? என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான், துக்கத்தில் இருக்கும் குடும்பம் மரண நாளைத்தான் நினைவில் வைத்திருக்கும். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் மரண நாளிலிருந்து எண்ணுகிறார்கள். டென்னசியில் அப்படியில்லை. அங்கே இந்த உரிமை இறந்தவருடைய சொந்த உரிமையின் தொடர்ச்சி. காயம்பட்ட நாளிலேயே கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது. மார்ச் 10 விபத்து, ஏப்ரல் 25 மரணம் என்றால், அடுத்த வருஷம் மார்ச் 10க்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும். மருத்துவமனையில் கிடந்த ஆறு வாரத்தைக் கணக்கில் சேர்த்தால் எல்லாம் போய்விடும். கென்டக்கியில் கணக்கே வேறு: இறந்தவர் சார்பில் வழக்கு நடத்தும் பிரதிநிதி ஒரு வருஷத்துக்குள் நியமிக்கப்பட்டால், நியமன நாளிலிருந்து ஒரு வருஷம்.

டென்னசியில் ஒரு விலக்கு உண்டு. விபத்துக்குக் காரணமானவர் மீது ஒரு வருஷத்துக்குள் குற்ற வழக்கு தொடங்கினால் கெடு இரண்டு வருஷமாகும். ஆனால் சட்ட வாசகம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சிவில் வழக்கைப் பற்றித்தான் பேசுகிறது. பணம் தர வேண்டியது கம்பெனி. அதை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளாதே.

இன்சூரன்ஸ்காரர் நயமாகப் பேசுவார், ஆவணம் கேட்பார், தொகை சொல்வார். பேச்சுவார்த்தை கெடுவை நிறுத்தாது. நிறுத்த வேண்டுமானால் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். இன்னொன்று, லாரி ஓட்டுநரின் பணிநேரப் பதிவுகளைக் கம்பெனி ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்பது ஃபெடரல் விதி. அதை அழிக்காதே என்ற நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். வழக்குக்கு வருஷம் இருந்தாலும் சாட்சியத்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

எதிர்த்தரப்பில் அரசு வண்டி இருந்தால் எல்லாமே சுருங்கும். கலிபோர்னியாவில் அரசு அமைப்புக்கு ஆறு மாதத்துக்குள் கோரிக்கை மனு. ஃபெடரல் அரசுக்கு எதிராக என்றால் முதலில் இரண்டு வருஷத்துக்குள் நிர்வாக மனு, அது மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு. உன் விஷயத்தில் அது இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் விபத்தில் வேறு வண்டி சம்பந்தப்பட்டதா என்று கேட்டுவிடு.

யார் வாதி என்பதிலும் கவனம் வேண்டும். டென்னசியில் முதல் உரிமை மனைவிக்கு. அவர் தன் பெயரிலேயே போடலாம். நியூயார்க் போன்ற இடங்களில் நீதிமன்றம் நியமித்த பிரதிநிதி இல்லாமல் வழக்கு நிற்காது. நியூ ஜெர்சியிலும் உயில் இல்லாவிட்டால் வழக்கு தொடரவென்றே ஒரு நிர்வாகியைக் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) சரோகேட் என்ற வாரிசு விவகார அதிகாரி நியமிக்க வேண்டும். இறந்தவரின் மனைவி இப்போது நம் ஊரில் இருப்பதால் கையெழுத்துகளுக்கும், ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு இடும் அப்போஸ்டில் முத்திரைக்கும் நாள் பிடிக்கும். அதையும் கெடுவுக்குள் அடக்கு.

டென்னசியில் உரிமம் உள்ள வக்கீலை இந்த மாதமே அமர்த்தச் சொல். அவருக்குக் கொடுக்கப் போலீஸ் விபத்து அறிக்கை, இறப்புச் சான்றிதழ், லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் போக்குவரத்துத் துறை எண், திருமணச் சான்றிதழ் இவ்வளவும் வேண்டும். அறிக்கை கைக்கு வந்ததும் விபத்து நடந்த தேதியையும் கவுண்டியின் பெயரையும் மட்டும் முதலில் எனக்கு எழுதி அனுப்பு. மற்றவை பின்னால் வரட்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்