உதட்டில் கொப்புளத்தோடு வருகிறவரிடம் முதலில் எத்தனை நாளாச்சு என்று கேளுங்கள்

வடசென்னை மருந்துக் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பிள்ளைக்குச் சளி, மாமியாருக்கு மூட்டுவலி, கணவருக்கு நெஞ்செரிச்சல் என எதுவானாலும் எங்கள் தெருவுக்கு முதல் மருத்துவர் நீங்கள்தான். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போய்விடும். உங்கள் கடையில் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற சித்திரையில், கொழுந்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எம்.சி. ரோட்டில் இரண்டு நாள் வெயிலில் அலைந்தேன். மூன்றாம் நாள் காலை பல் துலக்கும்போது மேலுதட்டின் ஓரத்தில் சுருக்கென்றது. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமில்லை. விரலை வைத்தால் உள்ளே எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மாலைக்குள் அந்த இடம் சிவந்து தடித்தது. மறுநாள் விடிந்தபோது வேகவைத்த ஜவ்வரிசியை ஒட்டிவைத்ததுபோல நீர்க்கொப்புளங்கள்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. மாமியார், பல்லி மூத்திரம் பட்டிருக்கிறது என்றார். ஓரகத்தி, உடம்புச் சூடு, இளநீர் குடி என்றாள். எதிர்வீட்டு அக்கா, இது அக்கியேதான், கொசப்பேட்டைக்குப் போய்க் காவி மண்ணால் சிங்கம் எழுதிக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பியே விட்டார். நான் உங்களில் ஒருவர் கடைக்குப் போனேன். கூட்டம் அதிகம். என் உதட்டை ஒரு விநாடி பார்த்தார்கள். கத்தரிக்கோலால் பி காம்ப்ளெக்ஸ் அட்டையில் பத்து மாத்திரை நறுக்கிக் காகித உறையில் போட்டார்கள். கூடவே ஒரு களிம்பு. “இதையும் சாப்பிடுங்கள், எதிர்ப்புச் சக்தி வரும்” என்று லைசின் டப்பா ஒன்று. மொத்தம் எழுநூறு ரூபாய்க்கு மேல் போனது. எப்போது ஆரம்பித்தது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து களிம்பைத் தடவினேன். இரண்டே நாளில் கொப்புளம் மூக்கின் கீழ்வரை பரவியது. களிம்பினால்தான் பரவியதா, தன் போக்கிலேயே பரவியதா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தோல் மருத்துவரிடம் அந்தக் குழாயைக் காட்டியபோது அவர் முகம் மாறியது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்த களிம்பு அது. உதட்டில் வந்திருந்ததோ வைரஸ். அந்த மூன்றில் ஒன்றுகூட வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு, வைரஸைத் தடுக்கும் காவலாளியைத் தூங்க வைத்துவிடும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018 இல் மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதன் பிறகுதான் இந்தக் கொப்புளத்தின் சங்கதியை உட்கார்ந்து படித்தேன். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ். பெயரைக் கேட்டதும் தப்பாக நினைக்கிறவர்கள் உண்டு. உலகில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் 64 விழுக்காட்டினர், ஏறத்தாழ 380 கோடிப் பேர், இதைச் சுமக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் குழந்தையாக இருக்கும்போது யாரோ கொஞ்சி முத்தமிட்டதில் ஒட்டிக்கொண்டதுதான். ஒருமுறை நுழைந்தால் முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் பதுங்கிவிடும். வெயில், காய்ச்சல், மாதவிடாய், தூக்கம் கெட்ட மனக்கவலை ஏதாவது ஒன்று தட்டி எழுப்பினால் அதே நரம்பு வழியாக அதே உதட்டுக்கு வரும். பல்லி பாவம், அதற்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அக்கி என்று சொன்ன எதிர்வீட்டு அக்காவைத்தான் முழுதாகத் தள்ள முடியவில்லை: அக்கி வைரஸும் இந்த வைரஸும் ஒரே குடும்பம்.

கொப்புளம் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே ஆறிவிடும். வீட்டு வைத்தியத்தின் புகழ் முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது. எனக்குப் பதினோராம் நாள் பொருக்கு உதிர்ந்தது. ஒன்பதாம் நாள் மஞ்சளும் நெய்யும் தடவிய மாமியார், “பார்த்தாயா?” என்றார். பத்தாம் நாள் இளநீர் வாங்கி வந்த ஓரகத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. கொசப்பேட்டைக்குப் போயிருந்தால் சிங்கத்துக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும். உங்கள் பி காம்ப்ளெக்ஸும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது. சத்துக் குறைவால் வாய்க்குள் வரும் வெள்ளைப் புண்ணுக்கு அதைக் கொடுப்பதில் ஓர் அர்த்தமாவது உண்டு. உதட்டுக்கு வெளியே கொத்தாக வரும் நீர்க்கொப்புளம் வேறு சாதி. இரண்டையும் ‘வாய்ப்புண்’ என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்லிக் கேட்பது எங்கள் பிழை. பார்த்துப் பிரித்துக் கொடுப்பது உங்கள் தொழில்.

லைசின் கதை சுவையானது. ஆய்வுக்கூடத் தட்டில் வைரஸ் பெருக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் தேவைப்படுகிறது. லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலம் அதோடு போட்டி போடுகிறது. வேர்க்கடலையில் ஆர்ஜினின் அதிகம் என்று கடலையையே விட்டவர்கள் இருக்கிறார்கள். தட்டில் நடந்தது உடம்பில் நடக்கிறதா? கொப்புளம் வராமல் தடுக்கும் வழிகளைப் பற்றிய 32 ஆய்வுகளை 2015 இல் காக்ரேன் குழு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) சேர்த்துப் பார்த்தது. லைசின் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்குக் கீழே சாப்பிட்டால் பயனில்லை என்பது இன்னொரு மதிப்பாய்வின் முடிவு. எனக்குக் கொடுத்தது 500 மில்லிகிராம், தினம் ஒன்று. விற்பதே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டு வருகிறவருக்கு விற்றுக்கொள்ளுங்கள். கேட்காதவர் கையில் திணிக்காதீர்கள்.

தேனைப் பற்றி உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஆய்வு நடந்ததே மருந்துக் கடைகளில். நியூசிலாந்தில் 952 பேரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக் களிம்பும் மறுசாராருக்குக் கானுகா மரத்துத் தேனில் செய்த களிம்பும் கொடுத்தார்கள். 2019 இல் முடிவு வெளிவந்தது. ஆறுவதற்கு அசைக்ளோவிருக்கு எட்டு நாள், தேனுக்கு ஒன்பது நாள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு தேன்தான் மருந்து என்று முழங்குகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அசைக்ளோவிர் களிம்பே கொப்புளத்தின் ஆயுளில் அரை நாள் அளவுக்குத்தான் குறைக்கும். சுமாரான ஒன்றோடு சமமாக ஓடினால் கோப்பை கிடைத்துவிடாது. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் சர்க்கரைப் பாகுத் தேனைப் பற்றி அந்த ஆய்வில் ஒரு வரியும் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சளும் கற்றாழையும் பெரிதாக உதவவும் மாட்டா, கெடுக்கவும் மாட்டா. பூண்டு, சுண்ணாம்பு, பற்பசை மூன்றும் உதட்டின் மெல்லிய தோலைப் பொசுக்கும். எங்கள் தெருவில் ஒரு பையன் சுண்ணாம்பு வைத்து வடுவோடு திரிகிறான். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணி எரிச்சலை அடக்கும். வாஸலின் பொருக்கு வெடிக்காமல் காக்கும். இந்த இரண்டையும் சேர்த்தால் நாற்பது ரூபாய் ஆகாது, ஆகவே யாரும் பரிந்துரைப்பதில்லை.

உள்ளே சாப்பிடும் மாத்திரை கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது. உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறும் வாலசைக்ளோவிர் மாத்திரையை ஒரே நாளில் இரண்டு வேளையாக, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்தால் சுமார் ஒரு நாள் குறைகிறது. அதற்கும் ஒரு நிபந்தனை. அசைக்ளோவிர் தானாக விழித்துக்கொள்ளாது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது சுரக்கும் ஒரு நொதிதான் அதை விழிக்கச் செய்கிறது. இந்த மருந்தை உருவாக்கிய குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988 இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மருந்தின் அழகும் குறையும் அதே இடத்தில் இருக்கின்றன: வைரஸ் பெருகும் முதல் நாளில் போட்டால்தான் பயன். கொப்புளம் உடைந்து பொருக்குக் கட்டிய பிறகு போட்டால் தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடிப்பதுபோலத்தான். எறும்பு ஊர்ந்த அன்று காலையே நான் வந்து நின்றிருந்தால், “இன்றே மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கி வாருங்கள், நாளை பயனிருக்காது” என்று ஒரு வார்த்தை போதும். நான்காம் நாள் வந்தால், “இனி பணத்தை வீணாக்காதீர்கள், துணி ஒற்றுங்கள்” என்பது போதும். எந்த நாளானாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், கண்ணோரம் கொப்புளம் வந்தவர் இவர்களுக்குக் கடையில் எதுவும் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். கண்ணில் ஏறினால் பார்வைக்கே ஆபத்து.

அந்த வாரமே தங்கை மகளுக்கு ராயபுரத்தில் குழந்தை பிறந்தது. உதட்டில் களிம்போடு ஓடினேன். வார்டு வாசலிலேயே நர்ஸ் என்னை நிறுத்தினார். “குழந்தையைத் தூக்காதீர்கள், பக்கத்திலும் போகாதீர்கள், பொருக்கு உதிர்ந்து தோல் சரியான பிறகு வாருங்கள்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் மூளைவரை போகலாம், உயிரையே எடுக்கலாம் என்று அவர் சொன்னபோது கைகால் நடுங்கியது. அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் மீள்வது கடினம். முந்தின நாள் எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பையில் இந்த ஒரு தகவல் மட்டும் இல்லை.

வாடகை, மின்கட்டணம், வாசலில் நின்று கைப்பேசியைக் காட்டித் தள்ளுபடி கேட்கிறவர்கள் என உங்கள் பாடும் எனக்குத் தெரியும். மாலை ஏழு மணிக் கூட்டத்தில் உட்கார்ந்து விளக்கச் சொல்லவில்லை. “எத்தனை நாளாச்சு? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?” இரண்டு கேள்விதான். மாத்திரை நறுக்கும் நேரத்திலேயே கேட்டுவிடலாம்.

எனக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது இது வருகிறது. அடுத்த முறை சுருக்கென்ற அன்றே உங்கள் கடை வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைவாசி ஒருத்தி