கோழிக்கூட்டுக் கதவு தானாக மூடுகிறது

தாராபுரம்
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே அனைவரும் நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? பாப்பாவின் படிப்பைப் பற்றி நீ சொல்ல மாட்டாய், அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

கதவு வேலை செய்கிறது! போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுவதையும் படி.

எதற்காக இந்த வேலையில் இறங்கினேன் என்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. ஆடியில் ஒரு நாள், அந்தி மங்கிய பிறகு அம்மா கோழி அடைக்கப் போனார். கூட்டு வாசலில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. கால் வைக்க இருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்தான். அது சீறியதால் நின்றுவிட்டார். சிந்திய தானியத்துக்கு எலி வருகிறது, எலிக்குப் பின்னால் பாம்பு வருகிறது. அம்மாவுக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது. கோழிகளை விற்றுவிடலாம் என்றேன். இரண்டு வேளை என்னிடம் பேசவில்லை. அப்புறம் எனக்கு வேறு வழி ஏது?

போனில் பொத்தானை அழுத்தினால் மூடும் கதவு செய்யச் சொன்னாய். சென்னையில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் அப்படித்தான் தோன்றும். எங்கள் தோட்டத்தில் மழை வந்தால் முதலில் போவது மின்சாரம், அடுத்தது சிக்னல். வெருகு, அதாவது காட்டுப்பூனை, வருவதும் அப்படிப்பட்ட இரவில்தான். யாருடைய உதவியும் இல்லாமல் நிற்கிற கதவுதான் கதவு. யு.பி.எஸ். பெட்டியில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, கூரை மேல் சின்னதாக ஒரு சோலார் தகடு, பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார், மூளைக்கு அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று. அவ்வளவுதான்.

எப்போது மூடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, வெளிச்சம் இருக்கும்போதே அடைந்துவிடும். கடிகாரத்தை மட்டும் நம்பினால், இங்கே கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது, ஆடியில் ஆறே முக்கால் ஆகிறது. வெளிச்சத்தை மட்டும் நம்பினால், ஐப்பசி மழையில் நாலு மணிக்கே வானம் கறுத்துவிடும், கதவு மூடிக்கொள்ளும், கோழிகள் வெளியே நனைந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தேன். ஐந்தரைக்கு முன்னால் எவ்வளவு இருட்டினாலும் கதவு அசையாது. அதன் பிறகு பத்து நிமிடம் தொடர்ந்து இருட்டாக இருந்தால் இறங்கும். ஏழே கால் ஆனால் வெளிச்சம் எப்படி இருந்தாலும் இறங்கிவிடும். காலையில் நன்றாக விடிந்த பிறகுதான் திறக்கும். கருக்கலில் வெருகு சுற்றும் என்பது உனக்கே தெரியும்.

கதவு என்பது இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, இரு பக்கமும் சேனலில் மேலும் கீழும் ஓடுகிறது. இதை எப்படி இறக்குவது என்று நானும் ரேடியோ கடை அண்ணனும் மல்லுக்கு நின்றோம். திருகுக் கம்பியில் இறக்கு, கீரியால் தூக்க முடியாது என்றார் அவர். உண்மைதான். ஆனால் திருகு இறங்கும்போது நடுவில் குஞ்சு நின்றாலும் நசுக்கிக்கொண்டே போகும். நைலான் கயிற்றில் தொங்கவிட்டால் கதவு தன் எடையில் மட்டும்தான் இறங்கும், குஞ்சின் முதுகில் பட்டால் கயிறு தளர்ந்து நின்றுவிடும். ஆனால் கீரி அடியில் நகத்தைக் கொடுத்துத் தூக்கிவிடும். நான் கயிற்றையே எடுத்துக்கொண்டு, வாசற்படிக்கு முன்னால் ஒரு பலகை அடித்தேன். கதவின் கீழ் விளிம்பு இரண்டு விரல் ஆழத்துக்குப் பலகைக்குப் பின்னால் இறங்கி மறைந்துவிடுகிறது. நகம் வைக்க இடமே இல்லை. அந்தச் சந்தில் உமி சேர்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறேன், விழுவது கீழே உதிர்ந்துவிடும். சேனலுக்கு கிரீஸ் போடவில்லை, அதில் தூசி அப்பிக்கொள்ளும். மெழுகுவத்தியைத் தேய்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அண்ணன் வந்து பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார். அவர் ஆட்டினால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். கழுத்தில் இறகில்லாத அந்தக் கழுத்தறுத்தான் கோழி இருக்கிறதே, எல்லாம் அடைந்த பிறகுதான் வேலியோரத்திலிருந்து கிளம்பும். போகிற வழியில் ஒரு புழுவைக் கிளறும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். மூடிய கதவின் முன்னால் அது நிற்பதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அதற்காகவே கதவு மூடிக் கால் மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி திறந்து, மூன்று நிமிடம் காத்திருந்து மூடும்படி செய்திருக்கிறேன். உள்ளே மங்கலாக ஒரு எல்.இ.டி. விளக்கும் எரியும், வாசல் எங்கே என்று தெரிய வேண்டுமே. பெரும்பாலான நாட்களில் வந்துவிடுகிறது. வராத நாளில் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முருங்கைக் கிளை மரநாய்க்கு ஒரு பொருட்டே அல்ல. டார்ச்சோடு போய் நான்தான் இறக்கிக்கொண்டு வருகிறேன். அதைக் குஞ்சாக இருந்தபோது கையில் வைத்துக் கம்பு ஊட்டியவர் அம்மா. அதற்கு ஏதாவது ஆனால் கதவின் மேல்தான் பழி விழும், அப்புறம் பழையபடி அந்தியில் அவரே கிளம்பிவிடுவார்.

நல்ல சேதி ஒன்று. தை பிறந்ததும் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கச் சம்மதித்திருக்கிறார். "கோழியை யார் அடைப்பது?" என்று கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

நீ பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, வரும்போது ரிச்சி தெருவில் ரீட் சுவிட்ச் நாலு வாங்கி வா. கதவு மேலே போய்விட்டதா, கீழே வந்துவிட்டதா என்று மோட்டாருக்குச் சொல்வது அதுதான். வெறும் கண்ணாடிக் குழாயாக வருவது வேண்டாம், அதன் கம்பிக் காலை வளைத்தால் உடைந்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, காந்தமும் சேர்த்து விற்பார்கள், அதைக் கேள். விலை கூடுதலாகச் சொன்னாலும் பேரம் பேசிக்கொண்டு ரயிலைத் தவறவிடாதே.

அன்புடன்,
உன் தாராபுரத்தான்