குறை அடுக்கும் குறை அடிமானமும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடி எழுதப் படிக்க முடிகிறது. நீங்கள் பேத்திக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

2⁻³ என்பதை அவள் −8 என்றே எழுதுவதாகக் குறைபட்டிருந்தீர்கள். விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2⁴, 2³, 2², 2¹ ஆகியவற்றின் மதிப்புகளை 16, 8, 4, 2 என ஒன்றன்கீழ் ஒன்றாக அவளையே எழுதச் சொல்லுங்கள். அடுக்கு ஒன்று குறையும்போதெல்லாம் மதிப்பு பாதியாவதை அவளே கண்டுகொள்வாள். அப்படியே கீழே இறங்கினால் 2⁰ ஒன்றாகவும், 2⁻¹ அரையாகவும், 2⁻² காலாகவும், 2⁻³ அரைக்காலாகவும் (1/8), 2⁻⁴ மாகாணியாகவும் (1/16) வரும். பாதியாக்கிக்கொண்டே போனால் எண் சிறுக்குமே தவிர, பூச்சியத்தைக்கூடத் தொடாது. பிறகு எப்படி அது −8 ஆகும்? (நியூட்டன் 1676-இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே குறை அடுக்குகளை இவ்வாறு எழுதிக் காட்டியிருக்கிறார்.)

அடிமானம், அதாவது அடுக்கைத் தாங்கும் எண் (2⁻³-இல் 2), குறை எண்ணாக இருப்பது முற்றிலும் வேறு சங்கதி. அதே பட்டியலை (−2)-க்குப் போட்டால் 16, −8, 4, −2, 1, −1/2, 1/4, −1/8 என்று குறி மாறி மாறி வரும். விடையின் குறியைத் தீர்மானிப்பது அடுக்கு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான். அடுக்கின் முன்னுள்ள குறைக்குறி எண்ணைத் தலைகீழாக்குவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. பூச்சியத்துக்கு மட்டும் குறை அடுக்கு கிடையாது, ஏனெனில் பூச்சியத்தால் வகுக்க இயலாது.

மாணவர்கள் உண்மையில் தடுக்கி விழுவது அடைப்புக்குறியில்தான் என்பது என் எண்ணம். (−2)⁴ என்பது 16. −2⁴ என்பதோ −16, ஏனென்றால் அங்கே அடுக்கு 2-க்கு மட்டுமே உரியது, குறைக்குறி பிறகே வந்து சேர்கிறது. கணினிகளும் இதில் ஒத்துப்போவதில்லை: அடைப்புக்குறி இல்லாமல் −2-இன் வர்க்கத்தைக் கேட்டால் பைத்தான் மொழி −4 என்கிறது, எக்செல் 4 என்கிறது. ஆகவே கணினியில் சரிபார்க்கும்போதும் அடைப்புக்குறியிட அவளைப் பழக்குங்கள்.

இரண்டு பட்டியல்களையும் அவள் முடித்த பிறகு, (−3)⁻², −3⁻² ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முதலாவது 1/9, இரண்டாவது −1/9 என்று காரணத்தோடு சொல்லிவிட்டாளென்றால் பின்ன அடுக்குகளுக்குப் போகலாம். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
தங்கள் நண்பன்