பலித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அறிவியல் புனைகதைகளைப் பற்றி வந்த பக்கத்தைப் பார்த்தேன். எந்த எழுத்தாளர் எதை முன்கூட்டியே சொன்னார், அது எப்போது நடந்தது என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் அதில் வந்த ஒரு நாவலையாவது யாரேனும் உட்கார்ந்து படித்த மாதிரி தெரியவில்லை. வருடக் கடைசியில் ராசிபலனை எடுத்து வைத்துக்கொண்டு எது பலித்தது என்று பார்ப்பது போலவே இந்தக் கதைகளையும் பார்க்கிறோம். உங்கள் பத்திரிகை மட்டுமல்ல, எல்லோரும்தான். போன மாதம் முழுக்க அறிவியல் புனைகதையும் ஃபேன்டசியும் தவிர வேறெதையும் நான் தொடவில்லை, அந்தச் சூட்டில் எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பட்டியலுக்குத் தோதான ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டெவூ வித் ராமா', 1973-ல் வந்தது. 2077-ல் ஒரு விண்கல் வட இத்தாலியில் விழுந்து நகரங்களை அழிக்கிறது, இனி இப்படி நடக்கக் கூடாது என்று 'ஸ்பேஸ்கார்ட்' என்ற பெயரில் ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டை மனிதர்கள் உருவாக்குகிறார்கள். பூமிக்கு அருகே வரும் விண்கற்களைத் தேடுவது பற்றி நாசா தரப்பில் 1992-ல் வந்த அறிக்கை அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. பட்டியலுக்கு நல்ல சரக்கு, இல்லையா? நாவலில் இது ஆரம்பச் சில பக்கங்களோடு முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் கதையே. இருபத்திரண்டாம் நூற்றாண்டில், ஐம்பது கிலோமீட்டர் நீளம், இருபது கிலோமீட்டர் விட்டம் கொண்ட ஓர் உருளை, வேற்றுலகத்தவர் கட்டிய கப்பல், சூரியக் குடும்பத்துக்குள் வருகிறது, மனிதர்கள் அதற்குள் இறங்குகிறார்கள். அது சுழல்வதால் உட்சுவர்தான் தரை. நடுவில் வளையமாக ஒரு கடல் ஓடுகிறது, அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலும் அதே கடல்தான். அந்தக் கடலின் ஒரு கரை ஐம்பது மீட்டர் உயரம், எதிர்க்கரை ஐந்நூறு மீட்டர். ஏன் இப்படி? கப்பல் வேகமெடுத்தால் தண்ணீர் மொத்தமும் பின்பக்கமாக ஏறும், அதைத் தடுக்கத்தான் அந்தப் பக்கம் அவ்வளவு உயரச் சுவர். அப்படியானால் இது எந்தத் திசையில் உந்தப்படும் என்பதும் தெரிந்துவிடுகிறது. கட்டியவர்களில் ஒருவர்கூடக் கதையில் வந்து வாய் திறப்பதில்லை, ஒரு சுவரின் உயரத்தை வைத்து மனிதர்கள் இத்தனையையும் ஊகிக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் உடனே திரும்பப் படித்தேன். இதில் பலிக்க என்ன இருக்கிறது?

அதே புத்தகத்தில், எடையற்ற நிலையில் பெண்களின் உடல் ஆண்களின் கவனத்தைக் கெடுக்கும், சிலரைக் கப்பலில் ஏற்றவே கூடாது என்று மனிதர்களின் தளபதி யோசிக்கிற ஒரு பத்தி வருகிறது. படித்துவிட்டு மூடி வைத்தேன், பிறகுதான் திறந்தேன். இருபத்திரண்டாம் நூற்றாண்டுக் கடலின் கரையை மீட்டர் கணக்கில் யோசிக்க முடிந்தவருக்கு இந்த விஷயத்தில் 1973-ஐத் தாண்ட முடியவில்லை.

கதைக்குப் பலிக்க வேண்டிய வேலை இல்லை என்பதை உர்சுலா லெ குவின் பளிச்சென்று சொல்லியிருக்கிறார். 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' 1969-ல் வெளிவந்தது, அதற்கு 1976-ல் எழுதிய முன்னுரையில், எதிர்காலம் சொல்வது தீர்க்கதரிசிகளும் குறிசொல்பவர்களும் பார்க்க வேண்டிய வேலை, நாவலாசிரியருடைய வேலை அல்ல என்கிறார். அந்த நாவலின் கிரகத்தில் மனிதர்கள் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாகிறார்கள், எதுவாக என்று முன்கூட்டித் தெரியாது. ஒருவரே சில பிள்ளைகளுக்குத் தாயாகவும் வேறு சிலருக்குத் தந்தையாகவும் இருக்கலாம். புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு மனதில் நின்றது கடைசிப் பகுதியில் வரும் பனிப்பாளப் பயணம். இருவர் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு கட்டத்தில் புயலும் இல்லை இருட்டும் இல்லை, எங்கும் ஒரே வெண்மை, நிழலே விழவில்லை. நிழல் இல்லாததால் முன்னால் இருப்பது தரையா பள்ளமா என்று தெரியவில்லை, அடியெடுத்து வைக்கவே பயம். இருட்டில் தட்டுத்தடுமாறுவதைப் பற்றி எத்தனையோ படித்திருப்போம். வெளிச்சம் மட்டுமே இருந்தாலும் நடக்க முடியாது என்பதை நான் படித்தது இதில்தான்.

ஸ்தனிஸ்லாவ் லெம் எழுதிய 'சோலாரிஸ்' (1961) கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு கிரகத்தை மூடியிருக்கும் கடல், அருகில் வரும் மனிதர்களின் நினைவிலிருந்து ஆட்களை உருவாக்கி அனுப்புகிறது. நாயகனிடம் வருபவள் இறந்துபோன அவன் காதலி. அவள் உடையைக் கழற்றப் பார்க்கிறான், பொத்தான்கள் இருக்கின்றன, ஆனால் திறக்கவில்லை, எல்லாம் வெறும் அலங்காரம். கடைசியில் துணியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவன் நினைவில் அந்த உடையின் தோற்றம் இருக்கிறது, அது எப்படித் திறக்கும் என்பது இல்லை, கடலும் இருந்ததை மட்டும்தான் செய்துகொடுத்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். நேசித்தவளைப் பற்றி அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. பேய்க்கதையாக எழுதியிருந்தால் இந்தப் பொத்தான் வந்திருக்காது.

சரி, ஃபேன்டசிக்கு வருகிறேன், இங்கே பலிக்கிற பேச்சே இல்லை என்பதால்தானோ என்னவோ உங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. மந்திரம் என்றால் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று நினைப்பவர்கள் லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) பக்கம் போய்ப் பார்க்கலாம். ஒரு தீவில் மழை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரக்கூடும், அதனால் கற்றுத் தேர்ந்தவர்கள் எதற்கும் சட்டென்று மந்திரத்தைக் கையில் எடுப்பதில்லை. ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) இன்னும் இறுக்கம். 1976-ல் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிமை முறை நடக்கும் மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். எந்த எந்திரமும் இல்லை, எப்படி நடக்கிறது என்று கடைசிவரை சொல்லப்படுவதும் இல்லை. அங்குள்ள ஒரு வெள்ளைக்காரன், அவளுடைய மூதாதை, உயிராபத்தில் சிக்கும்போதெல்லாம் இவள் போகிறாள், தன் உயிருக்கு ஆபத்து என்று அவள் நடுங்கும்போதுதான் திரும்ப முடியும். அதாவது வீட்டுக்கு வர வேண்டுமென்றால் சாவின் பக்கத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு முழு நாவலையும் நடத்துகிறார். கத்தி, மாத்திரை, மாற்றுத்துணி எல்லாம் போட்ட பையை அவள் உடம்போடு கட்டிக்கொண்டு தன் வீட்டிலேயே காத்திருக்கும் இடம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கடைசிப் பயணத்தில் ஒரு கையை இழந்தேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறாள், அதனால் நான் எதையும் போட்டு உடைத்துவிடவில்லை.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். லியூ சிஷினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டசிக்கும் தரும் ஹியூகோ விருதை 2015-ல் வாங்கியது. கோடிக்கணக்கான வீரர்களைக் கறுப்புவெள்ளைக் கொடிகளோடு நிற்க வைத்து மனிதர்களாலேயே ஒரு கணினியை இயக்கிக்காட்டும் அத்தியாயம் அட்டகாசம், ஆனால் அந்த வீரர்களுக்கும் முக்கியப் பாத்திரங்கள் சிலருக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' நாவலைப் பாதிவரைதான் படித்திருக்கிறேன், 'நீ' 'நீ' என்று வாசகரையே விளித்துச் சொல்லும் நடை பழக நேரம் எடுக்கிறது. அந்த வரிசையின் மூன்று நாவல்களும் 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து ஹியூகோ வாங்கியிருக்கின்றன, அதனால் விடுவதாக இல்லை.

கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படிப் பக்கம் ஒதுக்கும்போது நாவலைக் கடைசிவரை படித்தவர் ஒருவரிடம் கொடுங்கள். என்ன விதி போட்டார்கள், அதை எங்கே மீறினார்கள், மீறாமல் நின்றதால் கதைக்கு என்ன கிடைத்தது என்று எழுதச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலும் சுவாரசியம்தான், ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு அதையும் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், லியூ சிஷின் பற்றி நான் சொன்னதை மறுத்து யாராவது எழுதினால் அவசியம் வெளியிடுங்கள், அடுத்த பாகத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி