பகை என்ற ஒற்றைச் சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், ஆறு ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி பற்றிய கட்டுரை படித்தேன். தமிழில் ரக்பி பற்றி எழுதுபவர்கள் அபூர்வம். அதற்காகவே முதலில் நன்றி. ஆனால் இரண்டு இடங்களை என்னால் ஏற்க முடியவில்லை. அயர்லாந்துக் குடியரசின் அணி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம், இங்கிலாந்துடன் அவர்கள் மோதுவதைத் 'தீராப் பகை' என்று சொல்லி முடித்துவிட்டீர்கள்.

அது குடியரசின் அணி இல்லை, முழுத் தீவின் அணி. 1921இல் வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க, தீவு இரண்டாகப் பிரிந்தபோதும் ரக்பி பிரியவில்லை. அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கானாக்ட் என நான்கு மாகாணங்களுக்கும் இன்றுவரை ஒரே பச்சைச் சட்டைதான். 1948இல் முதல் கிராண்ட் ஸ்லாம் (அந்த ஆண்டுப் போட்டியில் எல்லா அணிகளையும் வெல்வது) கிடைத்தது டப்ளினில் அல்ல, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில். ரேவன்ஹில் மைதானத்தில் வேல்ஸை 6-3 என்று வென்றார்கள். அந்த அணியின் நாயகன் ஜாக் கைல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். அடுத்த கிராண்ட் ஸ்லாமுக்கு 2009 வரை, 61 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒன்றாக இருந்ததற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரியது. 1987இல் அல்ஸ்டர் வீரர் நைஜல் கார், அணித் தோழர்கள் இருவருடன் பயிற்சிக்காக டப்ளினுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். எல்லையருகே ஒரு நீதிபதிக்கு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. நீதிபதியும் மனைவியும் இறந்தார்கள். எதிரே வந்துகொண்டிருந்த நைஜல் கார் உயிர் தப்பினார். ஆனால் முதல் உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்த நேரத்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

இனி இங்கிலாந்து விஷயம். 1972 ஜனவரியில் வட அயர்லாந்தின் டெரி நகரில் பிரிட்டிஷ் ராணுவம் பொதுமக்களைச் சுட்டது. சில நாட்களில் டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் கொளுத்தப்பட்டது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அந்த ஆண்டு டப்ளினுக்கு வர மறுத்துவிட்டன. பாரிஸிலும், இங்கிலாந்தின் மைதானமான ட்விக்கன்ஹாமிலும் ஏற்கெனவே ஜெயித்திருந்த அயர்லாந்துக்கு, கிராண்ட் ஸ்லாம் வாய்ப்பு ஆடாமலே கைநழுவியது. மறு ஆண்டு பிப்ரவரியில் டப்ளினுக்கு வர வேண்டியது இங்கிலாந்தின் முறை. எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். டப்ளினின் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்துக்குள் அவர்கள் கால் வைத்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று, சுமார் ஐந்து நிமிடம் கை தட்டியது. அயர்லாந்து 18-9 என்று வென்றது. இரவு விருந்தில் இங்கிலாந்துத் தலைவர் ஜான் புல்லின், 'நாங்கள் நன்றாக ஆடாமல் இருக்கலாம், ஆனால் வந்து சேர்ந்துவிடுவோம்' என்றார். அயர்லாந்தில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

2007ஐயும் சொல்லியாக வேண்டும். லான்ஸ்டவுன் ரோடு இடித்துக் கட்டப்பட்டதால் இங்கிலாந்துடனான ஆட்டம் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்துக்கு மாறியது. அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளான கேலிக் விளையாட்டுகளின் கோட்டை அது. 1920 நவம்பரில், கால்பந்து நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படைகள் புகுந்து சுட்டு 14 பேரைக் கொன்ற இடம். அங்கே இங்கிலாந்தின் அரசிப் பாடல் ஒலிக்கலாமா என்று நாடே விவாதித்தது. பாடல் ஒலித்தது. ஒரு கூச்சல்கூட இல்லை. அடுத்து அயர்லாந்துப் பாடலின்போது முன்வரிசை வீரர் ஜான் ஹேய்ஸ் அழுதுகொண்டே நின்றார். அதன் பிறகு அயர்லாந்து 43-13 என்று வென்றது. ரோனன் ஓகாரா உயர்த்தி உதைத்த பந்தை ஷேன் ஹோர்கன் கேலிக் கால்பந்துக்காரரைப் போலத் தாவிப் பிடித்து, எதிரணி எல்லைக் கோட்டைத் தாண்டித் தரையில் பதித்து 'டிரை' வைத்தார். அந்த மைதானத்தில், அந்த விதத்தில்! இப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

இங்கிலாந்தைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறி அயர்லாந்துக்காரர்களுக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அதே கூட்டம்தான் 1973இல் எழுந்து நின்றது என்பதையும் அடுத்த கட்டுரையில் இரண்டு வரியாவது எழுதுங்கள். அணியின் பெயரையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.