பிறந்த நேரத்துக்குக் கீழே மூன்று வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்போது 37-வது வாரம். முதல் பிரசவம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை காலை 9.10-க்கும் 10.20-க்கும் நடுவில் பிறந்தால் ராஜயோகம் என்று ஜோதிடர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பார்த்துவந்த டாக்டரம்மா, "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும், தானா வலி வருதான்னு பார்ப்போம்" என்று மறுத்துவிட்டார். இப்போது அந்த நேரத்துக்கு ஆபரேஷன் செய்ய ஒப்புக்கொள்ளும் வேறு ஆஸ்பத்திரியைத் தேடுகிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வயிற்றுக்குள் பிள்ளையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். வலி எடுக்கும்போது உடம்பில் நடக்கும் மாற்றங்கள்தான் அதை வற்றவைக்க உதவுகின்றன. வலியே வராமல் முன்கூட்டி எடுத்த பிள்ளைகளில் சில, பிறந்ததும் நன்றாகவே அழும். கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறி மூக்கு விடைக்கும், முனகும், விலா உள்வாங்கும். மருத்துவக் காரணம் இல்லாதபோது சிசேரியனை 39 வாரத்துக்கு முன் செய்யாதே என்பது இதனால்தான்.

நல்ல நேரத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வாக்கில் ஒரு பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்திருக்கிறது. ராகுகாலம் கழியட்டும் என்று ஆறு மணிக்கு மேல்தான் கிளப்பிக் கூட்டிவந்தார்கள். சேலையெல்லாம் பச்சைக் கறை. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருந்தது. நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு 90-க்கும் கீழே போய்ப் போய் வந்தது. அன்றைக்கு மூன்று பேருக்கு வலி, நாங்கள் இரண்டு பேர். அரைமணிக்கு ஒருமுறை துடிப்பைக் கேட்க வேண்டியதில் நான் ஒரு தடவை தவறவிட்டேன். பழியை ராகுகாலத்தின் மேல் மட்டும் போட எனக்கு மனசு வரவில்லை.

பிள்ளை நனைந்த துணி மாதிரி வந்தது. துடைத்து, முதுகைத் தேய்த்தும் அசைவில்லை. அம்பு பேக், அதாவது கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பையை எடுத்து முகத்தில் பொருத்தி மூச்சு கொடுத்தேன். கூட இருந்த பயிற்சிப் பெண் தொப்புள்கொடியின் அடியில் இரண்டு விரல் வைத்து, துடிப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே மறு கையால் மேசையில் தட்டிக் காட்டினாள். தட்... தட்... அது வேகம் பிடித்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. அந்நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே பாட்டியின் குரல்: "சிஸ்டர், டைம் என்ன? நிமிஷம் சுத்தமா சொல்லுங்க!"

பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பிறந்ததும் மூச்செடுக்க ஏதாவது உதவி வேண்டியிருக்கும். பெரும்பாலும் துடைத்துத் தேய்த்தாலே போதும். எந்தப் பிள்ளைக்கு அப்படி ஆகும் என்று முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் பல சமயம் முன்னாலேயே தெரியும். தாய்க்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே, குறைமாதம், இரட்டைப் பிள்ளை, பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆனது. எல்லாவற்றையும்விட, பிள்ளையின் துள்ளல் வழக்கத்தைவிடக் குறைவது. "நாளைக்கு அமாவாசை, அப்புறம் போவோம்" என்று அதற்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. சீக்கிரம் முடியட்டும் என்று வலியைக் கூட்டும் ஊசிக்கு நச்சரிப்பதும் வேண்டாம். துடிப்பைக் கவனிக்காமல் அதை ஏற்றினால், வலிக்கும் வலிக்கும் நடுவே பிள்ளைக்கு ரத்தம் போக இடைவெளியே இருக்காது. ஆனால் எல்லோரும் பயப்படும் கழுத்தில் கொடி மாலையாகச் சுற்றிய பிள்ளை இருக்கிறதே, அதில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. தாய்மாமன்மார் நிம்மதியாக இருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்கு அப்கார் மதிப்பெண் முதல் நிமிடத்தில் 2, ஐந்தாவது நிமிடத்தில் 6. துடிப்பு, மூச்சு, நிறம், தசையின் முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்வினை என ஐந்துக்கும் இரண்டிரண்டாகப் பத்துக்குப் போடும் கணக்கு இது. வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர் 1953-ல் வெளியிட்டது. நான் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினேன். அது ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டது. ஒன்பதாம் மாத ஊசி போடும் வரிசையில் அந்தத் தாயை மறுபடி பார்த்தேன். ஜாதகம் எழுதியாகிவிட்டதாம். பிறந்ததும் மூச்சு கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும்தான். நல்லவேளை, பிள்ளை நன்றாக உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் பிறந்த நேரத்துக்குக் கீழேயே, உடனே அழுததா, மூச்சு கொடுக்க வேண்டியிருந்ததா, ஐந்தாவது நிமிட மதிப்பெண் எத்தனை என்று தமிழில் மூன்று வரி அச்சடிக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். பிள்ளைக்குத் தலை நிற்கத் தாமதமானால் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.