ராக்கோவ் போய்வந்த கையோடு

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை என்று தங்கச்சி போனில் சொன்னாள். உன் மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதை ஊரே எனக்குச் சொல்லிவிட்டது, நீதான் பாக்கி. அந்தக் கோபத்தை நேரில் வரும்போது வைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ராக்கோவ் என்ற ஊருக்குப் போயிருந்தேன். போலந்தில் கிராக்கோவுக்கு வடகிழக்கே உள்ள சின்ன ஊர். போய்வந்ததிலிருந்து வேறு எதிலும் மனசு ஓடவில்லை. கத்தோலிக்கச் சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்களைப் பற்றி ஹாஸ்டல் மொட்டை மாடியில் லூத்தரில் தொடங்கி கால்வினில் முடிப்பாயே, விடியும்வரை நம் வார்டனையும் தூங்கவிடாமல்! அத்தனை பேச்சிலும் போலந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை நீ. இப்போது நான் சொல்கிறேன், கேள்.

போலந்து என்றாலே கத்தோலிக்கம் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே பிரபுக்களில் ஏராளமானோர் கால்வின் பக்கம் போயிருந்தார்கள். போலிஷ் இலக்கியத்தின் தந்தை என்று இவர்கள் கொண்டாடும் மிகொலாய் ரேய்கூடக் கால்வினியர்தான். 1563இல் பிரெஸ்த் நகரில் முழு பைபிளும் போலிஷில் அச்சானது. பணம் கொடுத்தவர் லித்துவேனியாவின் பெரிய பிரபு ராஜிவில். அவர் இறந்தபின் மகன் கத்தோலிக்கத்துக்குத் திரும்பி, அப்பா போட்ட அதே பைபிளைத் தேடித் தேடி விலைக்கு வாங்கி எரித்தார். அப்பா காசிலே அச்சு, பிள்ளை காசிலே நெருப்பு. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1573 ஜனவரி 28ஆம் தேதியைக் குறித்துக்கொள். ராஜா வாரிசில்லாமல் இறந்திருந்தார். புது ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் முன், சமயத்தின் பெயரால் ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்துவதில்லை என்று பிரபுக்கள் வார்சாவில் கூடி எழுதிவைத்தார்கள். பாரிஸில் கத்தோலிக்கர்கள் கால்வினியர்களை வெட்டிச் சாய்த்த பர்த்தலோமேயு நாள் படுகொலை நடந்து ஐந்து மாதம்தான் ஓடியிருந்தது. ராஜாவாகத் தேர்வானதோ பிரெஞ்சு இளவரசன் ஹென்றி! அடுத்த ஆண்டு முடிசூட்டு விழாவில் அவன் அந்த உறுதிமொழியைச் சொல்லாமல் நழுவப் பார்த்தபோது, யான் ஃபிர்லேய் என்ற கால்வினியப் பிரபு முன்னால் வந்து, சத்தியம் செய்யாவிட்டால் ஆட்சி கிடையாது என்று மறித்தாராம். இதெல்லாம் பிரபுக்களுக்குக் கிடைத்த சுதந்திரம்தான். அவர்கள் நிலத்தில் கட்டுண்டு கிடந்த குடியானவனுக்கு இதில் பெரிய பங்கில்லை. ஆனாலும் அந்தக் காலத்து ஐரோப்பாவில் வேறு எத்தனை இடத்தில் இருந்தது சொல்!

ராக்கோவை 1569இல் உருவாக்கியவர் யான் ஷெனியென்ஸ்கி என்ற கால்வினியர். யாரும் வந்து தங்கள் நம்பிக்கைப்படி வாழலாம் என்று சாசனம் கொடுத்தார். வந்தவர்களில் முக்கியமானவர்கள் போலிஷ் சகோதரர்கள். திரித்துவம், அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது, வேதத்தில் இல்லை என்றவர்கள். வாள் ஏந்தக் கூடாது என்று அவர்களில் பலர் நம்பினார்கள். பியோத்தர் என்ற போதகர் இடுப்பில் மரவாளைக் கட்டிக்கொண்டு நடந்தாராம். 1602இல் அங்கே கல்விக்கூடம் வந்தது. வேறு சபைப் பிள்ளைகளும் வந்து படித்தார்கள். அவர்கள் அச்சிட்ட ஞானோபதேச நூல் லத்தீனில் லண்டன் வரை போய், 1652இல் அங்கே பாராளுமன்ற உத்தரவில் எரிக்கப்பட்டது.

நான் தினமும் ஆபீஸ் போகும் வழியில் கிராக்கோவ் பெரிய சந்தைச் சதுக்கம் வரும். 1598இல் இந்தச் சகோதரர்களின் பெரிய சிந்தனையாளர் ஃபாஸ்டோ சொட்சீனியை, நோயாளி என்றும் பார்க்காமல், மாணவர் கூட்டம் வீட்டிலிருந்து இழுத்துவந்தது. அவர் கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்தினார்கள். ஆளை விஸ்துலா ஆற்றில் தள்ளப் போனார்கள். காப்பாற்றியவர் யார் தெரியுமா? மார்ட்டின் வதோவிட்டா, கத்தோலிக்கப் பேராசிரியர்! அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

அப்புறம் 1638. ராக்கோவ் பள்ளிப் பையன்கள் சிலர் ஊர் எல்லையில் நின்ற மரச்சிலுவையைக் கல்லால் அடித்தார்கள் என்று குற்றச்சாட்டு. பையன்கள் செய்ததற்குப் பள்ளி, அச்சகம், சபை மூன்றையும் மூடச் சொன்னது செயிம், அதாவது நாடாளுமன்றம். பிறகு அங்கே ஆயர் ஒருவர் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. திரித்துவத்தின் பெயரால் கட்டினார், வேண்டுமென்றே. அதன் வாசலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 1658இல் சகோதரர்கள் எல்லோரும் மதம் மாற வேண்டும் அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று சட்டம். ஸ்வீடன்காரன் படையெடுத்தபோது அவன் பக்கம் சாய்ந்தார்கள் என்பது காரணம். சாய்ந்த கத்தோலிக்கப் பிரபுக்கள் எத்தனை பேர்! அவர்களை யாரும் துரத்தவில்லை.

எனக்கு ஆறாதது இதுதான், மாப்ளே. 1570இலேயே லூத்தரன்களும் கால்வினியர்களும் செக் சகோதரர்கள் என்ற இன்னொரு சீர்திருத்தச் சபையினரும் சான்டோமியெஷில் கூடி ஒற்றுமை ஒப்பந்தம் போட்டார்கள். போலிஷ் சகோதரர்களை மட்டும் உள்ளே விடவில்லை. இவர்களோடு சேர்ந்தால் நமக்கும் கெட்ட பேர் என்ற கணக்கு. சகோதரர்களைத் துரத்திப் பத்து ஆண்டு போனது, 1668இல் கத்தோலிக்கத்தை விட்டு எவனும் வெளியேறக் கூடாது என்ற சட்டம். 1724இல் டோருன் நகரில் லூத்தரன் மேயரின் தலையே போனது. இந்த லூத்தரன்களுக்காகப் பேச அன்றைக்கு யார் மிச்சம்?

நீ உங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவன். அந்தச் சான்டோமியெஷ் ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கொள்கையில் விட்டுக்கொடுக்க முடியாது என்று நீ எழுதுவாய், எனக்குத் தெரியும். அதையே விவரமாக எழுது, நான் பதில் வைத்திருக்கிறேன். போட்டோக்கள் தனியாக அனுப்புகிறேன். அண்ணாச்சியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே